அறமும் அடுப்பும்

ஓர் அறத்தை விதிப்பவர் ஒருவரும் அதன் பாரத்தைச் சுமப்பவர் மற்றொருவருமாயிருப்பின், அஃது அறமாகுமா? இவ்வினாவை ஆராய நாம் சாத்திரங்களைப் புரட்ட வேண்டுவதில்லை. ஆங்கிலேயர் வீட்டு அடுப்பங்கரையே போதும்.

மாட்டிறைச்சியை ஏல் என்னும் பார்லி மதுவில் வேகவைத்து, மாவினால் மூடிச் சுடும் 'பை' ஆங்கிலேயர் விரும்பியுண்ணும் உணவுகளுள் ஒன்று. நம்மவருள் மாட்டிறைச்சி உண்பாரும் உளர், உண்ணாரும் உளர்; அவ்வழக்கு இங்கு வேண்டா. அதற்கு உயர்ந்த இறைச்சி தேவையில்லை. விலை குறைந்த, நாரோடிய கால் தசையே ஏற்றது. துண்டுகளை மாவிற் புரட்டிக் கொழுப்பிலே சிவக்க வறுத்து, வெங்காயமும் காரட்டும் சேர்த்து, ஏலை வார்த்து, இரண்டு மூன்று மணி நேரம் இளந்தீயில் வைத்தால், கடினமான நாரும் கரைந்து குழம்புக்குச் செறிவு தரும். அதனை ஆறவிட்ட பின்னரே மாவினால் மூடவேண்டும். இன்றேல் மாவிலுள்ள கொழுப்பு உருகி மேலோடு கெடும். ஆவி போக ஒரு துளையிட்டுச் சூளையடுப்பில் அரைமணி நேரத்துக்கு மேல் வைத்தால் அது பொன்னிறமாகும்.

மலிவான இறைச்சியும் பொறுமையும் ஏழைக்கும் கிட்டும். சூளையடுப்பு கிட்டுமோ? 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் ஏழைகள் பலர் வீட்டில் அஃதில்லை. ஆதலின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் தம் உணவைப் பாத்திரத்தோடு ரொட்டிக்கடைக்குச் சுமந்து சென்று, கூலி கொடுத்துச் சுடுவித்து வருவர். குடும்பத்தோடு கூடியமர்ந்துண்ணும் நல்லுணவு பலருக்கு வாரத்தில் அஃதொன்றே.

இந்நிலையில், ஸர் ஆண்ட்ரூ அக்னியூ என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர், ஞாயிறு கடவுளுக்குரிய ஓய்வு நாளாதலால் அன்று தொழில்களைத் தடுக்கவேண்டுமென்று 1833 முதல் 1837 வரை மீண்டும் மீண்டும் மசோதாக்களைக் கொண்டுவந்தார். ரொட்டிக்கடைச் சூளை அணையவேண்டுமாம். செல்வர் வீட்டு ஊழியர் செய்யும் வேலைக்கோ விலக்காம்! சார்லஸ் டிக்கன்ஸ் 1836-இல் புனைபெயரில் ஒரு சிறு நூல் எழுதி இதனைக் கண்டித்தார். 1843-இல் வெளியிட்ட தமது கிறிஸ்துமஸ் கதையிலும் ஏழைகளின் இவ்வுணவைப் பற்றிப் பேசினார். அம்மசோதாக்கள் சட்டமாகவில்லை.

"ரொட்டி சுடுவோனுக்கும் ஓய்வு வேண்டாவோ?" என்று வினவலாம். நேர்மையான வினாவே. அவனுக்கு ஓய்வு வேண்டும். செல்வர் வீட்டுச் சமையற்காரிக்கும் அவ்வோய்வு வேண்டுமன்றோ? ஒரே நாளில், ஒரே வகை நெருப்பின் முன், இவள் உழைப்பை அவசியமென்றும் அவன் உழைப்பைப் பாவமென்றும் பிரித்தது எது? உண்பவரின் செல்வமே.

அக்னியூவை வஞ்சகரென்று நாம் கூறவில்லை. அவர் பக்தி மெய்யானதாகவே இருக்கலாம். மெய்யான பக்தியும் அநீதி இழைக்கக்கூடும் என்பதே நாம் அஞ்சவேண்டுவது. தீய எண்ணம் உடையவனை மனச்சாட்சியேனும் ஒருநாள் உறுத்தும். நன்மையே செய்கிறோம் என்று நம்புகிறவனை எது தடுக்கும்?

சீர்திருத்தம் பேசும் நமக்கும் இவ்வுரைகல் பொருந்தும். சிக்கனம், ஒழுக்கம், ஆசாரம் என எதனைப் பிறர்க்கு விதிக்க முற்படினும், அதனால் யார் வீட்டு அடுப்பு அணைகிறது என்று முதலில் நோக்குவோமாக. தன் அடுப்பை ஒருநாளேனும் அணைத்தறியாதவன் பிறர் அடுப்பை அணைக்கும் சட்டம் செய்யலாகாது.