பிசினுக்குள் என்ன?

போன வருஷம் நியூஜெர்சி போனபோது, பி.காம். காலத்து நண்பன் ஒருவன் வீட்டில் நாலு நாள் தங்கினேன். போய் இறங்கிக் காபி குடித்து முடிப்பதற்குள், "டேய், கீழே வா, ஒண்ணு காட்டணும்" என்று பேஸ்மென்ட்டுக்கு இழுத்துப் போய்விட்டான்.

அங்கே ஒரு பெட்டி. நம் தாத்தா வீட்டு வால்வு ரேடியோவைவிடக் கொஞ்சம் பெரிசு. முகப்பில் க்ரீம் கலர் துணி, மேலே ஆறு குமிழ்கள், பின்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும் கண்ணாடி வால்வுகள். எலெக்ட்ரிக் கிடாருக்கான ஆம்ப்ளிஃபயர்.

"எவ்வளவு இருக்கும், சொல்லு."

"முந்நூறு டாலர்?"

சிரித்தான். படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான். நாலாயிரம் டாலர். அதுவும் பணத்தைக் கட்டிவிட்டுப் பதினோரு மாசம் காத்திருந்து வாங்கியது. ஒரே ஒரு மனிதர் தன் பட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வயரையும் கையால் ஈயம் வைத்துச் செய்ததாம். அவனுடைய பழைய ஆம்ப்ளிஃபயர், பெரிய கம்பெனியின் தொழிற்சாலையில் செய்த ஆயிரத்துச் சொச்சம் டாலர் சரக்கு, தலையில் அழுக்குத் துணிக்கூடையைச் சுமந்துகொண்டு ஓரமாக நின்றது.

இரண்டிலும் வாசித்துக் காட்டினான். "வித்தியாசம் தெரியுதா?" என்றான். "நல்லாவே தெரியுதுடா" என்றேன்.

தெரியவில்லை. கட்டுரை முழுக்க இந்தப் பொய்யைச் சுற்றித்தான் வரப்போகிறேன்.

எலெக்ட்ரிக் கிடார் தனியாக ஒரு வாத்தியமே இல்லை. கம்பி அதிர்வதால் உண்டாகும் மின்சாரம் துக்கிளியூண்டு. அதை ஊதிப் பெரிசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது ஆம்ப்ளிஃபயர். வால்வு தன் சக்திக்கு மீறி உழைக்கும்போது ஒலி சற்றே உடைந்து, கரகரத்து, ஒரு நெகிழ்ச்சி வரும். இன்ஜினீயர் கண்ணுக்கு அது பழுது. ஐம்பதுகளில் லியோ ஃபெண்டர் இந்தப் பெட்டிகளைச் செய்தபோது அந்தக் கரகரப்பு வரக்கூடாது என்றுதான் பாடுபட்டார். வாசிப்பவர்களோ அதற்காகவே குமிழைக் கடைசிவரை திருகினார்கள். ஒரு பழுது அழகாகிப் போன கதை இது.

1965-ல் ஃபெண்டர் கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கப்புறம் செலவைச் சுருக்கும் வேலை ஆரம்பித்தது, தரம் இறங்கிவிட்டது என்று புகார்கள் கிளம்பின. அந்த இடைவெளியில்தான் தனி ஆட்கள் புகுந்தார்கள். கையால், கொஞ்சமாக, கேட்பவர் தேவைக்கேற்ப செய்து கொடுப்பவர்கள். புட்டிக் ஆம்ப்ளிஃபயர் என்று அதற்குப் பெயர். அவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால்தான் என் நண்பனின் நாலாயிரம் டாலர் புரியும்.

ஒருவர் கலிஃபோர்னியாவின் அலெக்ஸாண்டர் டம்பிள். வாழ்நாள் முழுக்கச் செய்தது சுமார் முந்நூறு பெட்டிகள் என்கிறார்கள். வாடிக்கையாளர் எப்படி வாசிக்கிறார், விரலில் எவ்வளவு அழுத்தம் என்று கவனித்து, அந்தக் கைக்கு ஏற்ற மாதிரி பெட்டியைத் திருத்துவாராம். தையற்காரர் அளவெடுப்பது போல. 1982 நவம்பரில் ஸ்டீவி ரே வான் என்ற அதிகம் அறியப்படாத டெக்ஸஸ்காரர், ஜாக்சன் ப்ரவுனின் ஸ்டுடியோவில் மூன்றே நாளில் ஓர் ஆல்பம் பதிவு செய்தார். அங்கே ப்ரவுனுடைய டம்பிள் பெட்டி இருந்தது. அதில் வாசித்தார். 1983-ல் 'டெக்ஸஸ் ஃப்ளட்' வெளிவந்தது. வானும் எழுந்தார், கூடவே பெட்டியும் எழுந்தது. (அந்த மனிதர் எந்தப் பெட்டியில் வாசித்திருந்தாலும் எழுந்திருப்பார் என்பது என் சந்தேகம்.)

டம்பிள் இன்னொரு காரியமும் செய்தார். பெட்டிக்குள் முக்கியமான பாகங்கள் இருக்கும் இடத்தில் எபாக்ஸி பிசினை ஊற்றி மூடிவிடுவார். நம்மூர் எம்-சீல் மாதிரி இறுகிவிடும். உள்ளே என்ன இருக்கிறது, எப்படி இணைத்திருக்கிறார், யாருக்கும் தெரியாது. காப்பியடிக்காமல் இருக்கத்தான். ஆனால், மூடி வைத்த எதைச் சுற்றியும் கதை முளைக்காமல் இருக்குமா? 2022 ஜனவரியில் அவர் இறந்தார். இன்றைக்கு அவருடைய ஒரு பெட்டி லட்சம் டாலருக்கு மேல் கைமாறுகிறது.

இன்னொருவர் என் நண்பன் இருக்கும் இதே நியூஜெர்சிக்காரர், கென் ஃபிஷர். ட்ரெயின்ரெக் என்ற பெயரில் நூறு சொச்சம் பெட்டிகள்தான் செய்தார். பல வருஷம் உடம்பு முடியாமல் அவதிப்பட்டு, 2006-ல் காலமானார். தன் பெட்டிகளுக்கு சீரியல் நம்பர் போடமாட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் பெயர் வைப்பார். சொல்லுங்கள், நம்பர் ஒட்டிய சாமானை விற்பதற்கும், பெயர் வைத்த ஒன்றை விற்பதற்கும் விலை ஒன்றாகவா இருக்கும்?

பிசினைச் சுரண்டிப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். உள்ளே மாயம் எதுவும் இல்லை. ஃபெண்டர் சர்க்யூட்டின் வழியில் வந்த, மிகுந்த கவனத்தோடு திருத்தப்பட்ட ஒரு சர்க்யூட். வரைபடம் வெளியே வந்துவிட்டது. மலேசியாவில் செரியாடோன் என்ற சின்ன கம்பெனி டம்பிள், ட்ரெயின்ரெக் இரண்டின் வழியிலும் பெட்டிகள் செய்து, அசல் விலையில் சொற்பப் பங்குக்கு விற்கிறது. உடனே "காப்பி!" என்று முகம் சுளிக்க வேண்டாம். 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் பிறந்த முதல் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரே, ஃபெண்டரின் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான்.

சரி, நாலாயிரம் நியாயமா? காமர்ஸ் படித்தவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் கை துறுதுறுக்கும். இரவு நண்பனின் பையனோடு உட்கார்ந்து காஸ்ட் ஷீட் போட்டேன். பதினேழு வயசு, எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம். வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், மரப்பெட்டி எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு இருக்கும் என்றான். நாற்பது மணி நேர உழைப்பு, மணிக்கு முப்பது டாலர் என்றால் இன்னொரு ஆயிரத்து இருநூறு. வாடகை, மின்சாரம், கெட்டுப்போன சாமான் என்று அறுநூறு. ஆக மூவாயிரம். மிச்சம் ஆயிரம் டாலர். கொள்ளை என்று சொல்ல முடியாது. பட்டறைக்காரர் பங்களா கட்டியிருக்க மாட்டார்.

அந்த ஆயிரத்துக்கு எங்கள் பாடத்தில் பெயர் உண்டு. நற்பெயர். பார்ட்னர்ஷிப் கணக்கு படித்தவர்களுக்கு எல்டன் பிரபு ஞாபகம் இருப்பார். 1810-ல் ஒரு வழக்கில், பழைய வாடிக்கையாளர் பழைய கடைக்கே திரும்பி வருவதற்கான வாய்ப்பு, அதற்கு மேல் நற்பெயர் வேறொன்றுமில்லை என்கிற மாதிரி தீர்ப்பு சொன்னவர். பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் செய்த புளியோதரைக்கும் வீட்டுப் புளியோதரைக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அவரைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ!

இங்கேதான் எனக்குச் சிக்கல். அந்த ஆயிரம் டாலருக்கு என் நண்பன் வாங்கியது சத்தமா, கதையா? கதை என்றால், அவன் ஏமாந்தானா?

காதை மட்டும் கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஒரு வயலின் போட்டிக்கு வந்திருந்தவர்கள் உள்பட, தேர்ந்த கலைஞர்கள் 21 பேரை ஒரு ஹோட்டல் அறைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று புது வயலின், மூன்று பழைய இத்தாலிய வயலின். பழையதில் இரண்டு ஸ்ட்ராடிவாரியஸ். விளக்கைக் குறைத்து, கண்ணில் வெல்டிங் கண்ணாடி மாட்டி, பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தாடை படும் இடத்தில் சென்ட் கூடப் பூசினார்கள். வீட்டுக்கு எடுத்துப் போவதானால் எதை எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, 21-ல் 13 பேர் புது வயலினைக் காட்டினார்கள். யாருக்கும் அதிகம் பிடிக்காமல் போனது ஒரு ஸ்ட்ராடிவாரியஸ்.

இதைப் படித்ததும் 'பார்த்தீர்களா, எல்லாம் பம்மாத்து!' என்று தொடையைத் தட்டத் தோன்றும். பொறுங்கள். 2008-ல் வெளிவந்த இன்னொரு ஆராய்ச்சி. ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் குடிக்கக் கொடுத்து, மூளையை ஸ்கேன் செய்தார்கள். 10 டாலர் என்று சொன்னபோது இருந்ததைவிட, 90 டாலர் என்று சொன்னபோது, இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதி அதிகமாக வேலை செய்தது. அதாவது, அவர்கள் நடிக்கவில்லை. நிஜமாகவே அதிகம் ருசித்திருக்கிறது. அம்மியில் அரைத்த சட்னி என்று அம்மா சொன்னதும் நமக்கு இன்னொரு இட்லி இறங்குகிறதே, அது பொய்ப் பசியா?

இன்பம் நிஜம். அதன் காரணம் பொய். அப்படியானால் காரணத்தைப் போட்டு உடைக்க எனக்கு என்ன உரிமை? என் பிழைப்பே மூடிய பெட்டிகளைத் திறந்து காட்டுவதுதான். இருபது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். ஆனால் மந்திரி வீட்டுப் பெட்டி வேறு, நண்பன் வீட்டுப் பெட்டி வேறு இல்லையா?

மூன்றாம் நாள் சனிக்கிழமை. பையன்தான் ஆரம்பித்தான். "அப்பா, கண்ணை மூடிட்டு கண்டுபிடிங்க பார்ப்போம்." நண்பன் உடனே சம்மதித்தான். அவ்வளவு நம்பிக்கை. பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவனே வாசிக்க வேண்டும். பையன் கிடார் வயரை இதிலோ அதிலோ செருகுவான். சத்தம் கொஞ்சம் கூடியிருந்தாலே காது அதை 'நல்ல ஒலி' என்று நம்பிவிடும் என்பதால், போனில் ஒரு டெசிபல் மீட்டரை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தான். பத்து தடவை. மதிப்பெண் போடுவது நான்.

நாலாவது தடவை நண்பன் கண்ணை மூடி, ஒரு நீளமான ஸ்வரத்தைப் பிடித்து இழுத்தான். "இதான்... இதான்டா! பாரு, எப்படிப் பூக்குது பாரு" என்றான். துணிக்கூடை சுமந்த பெட்டி அது.

பத்துக்கு நாலு. காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட அஞ்சு வந்திருக்கும்.

ஆம்ப்ளிஃபயர்காரருக்கும் நான் நியாயம் செய்ய வேண்டும். இந்தப் பரீட்சை சரியான இடத்தில் நடக்கவில்லை. நல்ல வால்வு ஆம்ப்ளிஃபயரின் குணம் அது திணறும்போதுதான் தெரியும். ஓங்கி அடிக்கும்போது உள்ளே மின்னழுத்தம் ஒரு கணம் தொய்ந்து மீளும். ஒலி அமுங்கி, பிறகு விரியும். அந்தத் தொய்வு கேட்பவனைவிட வாசிப்பவனின் விரலுக்குத்தான் முதலில் தெரியும் என்பார்கள். ஆனால் அதற்குக் குமிழை நன்றாகத் திருக வேண்டும். மாடியில் மனைவி தூங்குகிறாள், பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார் என்று பயந்து, குமிழை இரண்டிலேயே வைத்து வாசிக்கிற பேஸ்மென்ட்டில் அது எங்கே வரும்? ரேஸ் காரை வாங்கி ரங்கநாதன் தெருவில் ஓட்டுகிற கதை. வித்தியாசம் இருக்கலாம். அது இருக்கும் இடத்துக்கு இவன் போகப்போவதில்லை.

"எத்தனைடா?" என்று திரும்பினான்.

பையன் என்னைப் பார்த்தான். நான் காகிதத்தை மடித்தேன். "ஏழு" என்றேன்.

"நான் சொல்லல?" என்று பையன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, மாடிக்குப் போய் மனைவியிடமும் சொன்னான், ஏழு என்று.

அன்றிரவு பையன் கேட்டான். "ஏன் அங்கிள் பொய் சொன்னீங்க?"

பதிலாக அவன் அம்மா முதல் நாள் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். "இது வந்தப்புறம்தாண்ணா இவர் டி.வி.யை நிறுத்திட்டு தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறார். அதுக்கு முன்னாடி ஆறு வருஷமா கிடார் பெட்டியத் திறக்கவேயில்ல."

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்பா வாசிக்கிறது அந்த ஆம்ப்னாலயா, இல்ல நாலாயிரம் குடுத்துட்டோமேங்கிற பயத்துலயா?"

பதினேழு வயசுக்கு இப்படியெல்லாம் கேட்கக் கூடாது. "தூங்குப்பா" என்றேன்.

போன வாரம் நண்பன் போன் செய்தான். அதே பட்டறைக்காரர், இன்னும் உயர்ந்த மாடல். டம்பிள் வழியில் வந்தது, ஆறாயிரத்து ஐந்நூறு டாலர். பையனுக்கு அடுத்த வருஷம் காலேஜ். கொஞ்சம் இடிக்கும்தான், ஆனால் இப்போது விட்டால் இரண்டு வருஷம் வரிசையில் நிற்க வேண்டுமாம்.

"உன் தங்கச்சிதான் யோசிக்கிறா. நீ சொன்னா கேப்பா. நீதானடா சாட்சி? பத்துக்கு ஏழு!"

அந்தக் காகிதம் இன்னும் என் பாஸ்போர்ட் உறையில் இருக்கிறது. நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.