உண்ணாமையும் நோன்பும்

உணவு கொள்ளாதிருத்தல் அனைத்தும் நோன்பாகுமோ? உடலின் எடையைக் குறைத்தற்பொருட்டு உண்ணாதிருப்பானுக்கும், சிவபெருமானை நினைந்து உண்ணாதிருப்பானுக்கும் வேறுபாடு யாது? இவ்வினாக்கள் எமக்கு நூலாராய்ச்சிக்கண் எழுந்தன அல்ல. ஓரன்பரது உள்ளத்து வருத்தத்தினின்றும் எழுந்தன. ஆகலின் அவ்வரலாற்றை முதற்கண் கூறி, அதன்பின் பொருளாராய்ச்சியுட் புகுவாம்.

ஆவடி மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கியதும், சுந்தரமூர்த்தி சுவாமிகளது திருப்பதிகம் பெற்றதுமாகிய வடதிருமுல்லைவாயில் மாசிலாமணியீசுவரர் திருக்கோயிலில், ஒரு பிரதோட நாளன்று வழிபாடு முடிந்தபின் மண்டபத்தில் அமர்ந்திருந்தேம். ஆவடியிலுள்ள தொழிற்சாலையொன்றிற் பணியாற்றும் அன்பரொருவர் எம்மை அணுகி வணங்கித் தம் குறையைக் கூறலுற்றார்.

"ஐயா, என் எடை மிகுந்துவிட்டது, இப்படியே விட்டால் நீரிழிவு வந்து சேரும் என்று மருத்துவர் எச்சரித்தார். அவர் சொற்படி ஆறு திங்களாகக் காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே மட்டும் உண்கிறேன். எஞ்சிய 16 மணி நேரமும் தண்ணீரன்றி வேறொன்றும் கொள்வதில்லை. உண்பனவற்றையும் கலோரிக் கணக்குப் பார்த்தே உண்கிறேன். எடை 7 கிலோ குறைந்தது, உடம்பும் நலமாயிருக்கிறது. ஆனால் முன்பெல்லாம் பிரதோடந்தோறும் பகலில் உண்ணாதிருந்து, மாலை வழிபாடு முடிந்தபின் உண்பேன். இப்போது அது தலைகீழாயிற்று. பகலில் உண்டு, வழிபாட்டுக்குப் பின் உண்ணாதிருக்கிறேன். சென்ற பிரதோடத்தன்று என் தாயார் திருவமுதை என் கையில் வைக்க வந்தார். மணி ஏழாயிற்றே என்று வாங்க மறுத்தேன். ‘சுவாமி பிரசாதத்துக்குமா அப்பா கடிகாரம் பார்க்கவேண்டும்?’ என்று ஒரு சொற் சொன்னார், அதற்குமேற் பேசவில்லை. அன்றுமுதல் என் மனம் அமைதி கொள்ளவில்லை. நாள்தோறும் 16 மணி நேரம் பட்டினி கிடக்கும் எனக்கு, திங்களுக்கு இருமுறை பகலில் உண்ணாதிருந்த பயன்கூட இல்லையா?" என்றார்.

இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் தகாது. இஃது ஒருவருடைய குறையன்று. 2019-21 ஆண்டுகளில் நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரும், ஆடவரில் 37 பேரும் மிகையான எடையுடையர். இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடி மக்கள் நீரிழிவுடையர் என 2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு கூறிற்று. ஆகலின் எடையைக் குறைக்க முயல்வோரெல்லாம் அழகு விழைந்தே முயல்கின்றனர் எனக் கூறுதல் அறியாமையாம்.

இனி, அம்முறைதான் யாதெனின், கூறுதும். கலோரி என்பது வெப்பத்தை அளக்கும் ஓரலகு. உணவு நூலார் கொள்ளும் கலோரி, ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடேற்றற்கு வேண்டும் வெப்பமாம். மாப்பொருளும் புரதமும் கிராமொன்றுக்கு 4 கலோரி வீதமும், கொழுப்பு 9 கலோரி வீதமும் தரும். உண்டதனால் வரும் ஆற்றல் செலவினும் மிகின், மிகுதி கொழுப்பாய்த் தங்கும். குறையின், தங்கிய கொழுப்புக் கரையும். நெடுநேரம் உண்ணாதிருப்பின், கல்லீரலிற் சேமித்த சருக்கரை குறைய, உடல் கொழுப்பையே மிகுதியாக எரிக்கத் தலைப்படும். எனினும், உண்ணும் நேரத்தைச் சுருக்குதற்கே தனியாற்றல் உண்டெனல் உறுதிப்படவில்லை. சீன நாட்டுக் குவாங்சோ நகரில் மிகுபருமனுடையார் 139 பேரை ஓராண்டு ஆய்ந்து 2022-இல் முடிவு வெளியிட்டனர். இரு பகுதியாரும் கலோரியைக் குறைத்தே உண்டனர். ஒரு பகுதியார் மட்டும் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே உண்டனர். ஆண்டிறுதியில் நேரம் வரையறுத்தோர் ஏறத்தாழ 8 கிலோவும், ஏனையோர் 6 கிலோவிற்குச் சிறிது மேலும் குறைந்தனர். இவ்வேறுபாடு துணிவு கொள்ளற்குரிய அளவினதன்று என ஆய்ந்தோரே கூறினர். எனவே கடிகாரம் ஒரு துணைக் கருவியேயன்றி மருந்தன்று என்பது பெறப்படும்.

உடம்பு பாசத்தொகுதியைச் சார்ந்தது. அதனை ஓம்புதற்கு இத்துணை முயலுதல் பற்றினை வளர்த்தலன்றோ எனின், அற்றன்று. தனு கரண புவன போகங்கள் ஆணவ இருளிற் கிடக்கும் உயிருக்கு இறைவன் கூட்டிய கருவிகள். மாயையின் காரியமாகிய உடம்பை, விடியுமளவும் இருளில் ஏந்தும் விளக்கோடு ஒப்பிடுதல் நம் சித்தாந்த மரபு. விளக்கில் நெய் வற்றினும் சுடர் அவியும். திரி மூழ்குமளவு நெய் நிறையினும் அவியும். ஆகவே குறைத்துண்டலும் விளக்கோம்பும் தொழிலேயாம். திருவொற்றியூரெல்லையைக் கடந்தபோது கண்ணொளி இழந்த நம்பியாரூரர், அத்துயர் களையவேண்டி விண்ணப்பித்த தலங்களுள் இத்திருமுல்லைவாயிலும் ஒன்று. வன்றொண்டரே உடற்றுயர் நீக்கத்தை இறைவன்பால் வேண்டினராயின், நம்மனோர் மருத்துவர் சொற்கேட்டு உடலைப் பேணுதலில் இழுக்கு யாதுளது?

அற்றேல், அவ்வுண்ணாமையையும் நோன்பென்று கொள்ளலாமோ எனின், அதுவும் அற்றன்று. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் தமது சைவ வினாவிடையில் விரதத்தின் இலக்கணத்தை வரையறுத்துள்ளார். அதன் கருத்து, மனம் பொறிவழிச் செல்லாது நிற்றற்பொருட்டு உணவை விட்டாயினும் குறைத்தாயினும், முக்கரணங்களாலும் அன்போடு இறைவனை வழிபடுதல் என்பது. இதன்கண் வழிபாடே பொருள். உணவை விடுதல் அதற்கு வழி. விடுதலும் குறைத்தலும் ஒருங்கு கூறப்பட்டமையால், உண்ணாத நேரத்தின் நீளமும் ஈண்டு அளவையன்று என்பது உய்த்துணரப்படும்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. ஒரு சார்பை விட்டு மற்றொரு சார்பைப் பற்றாது அஃது இடையே நில்லாது. உணவை விட்டான் வேறொன்றைப் பற்றானாயின், அவன் உள்ளம் விட்ட உணவையே முன்னினும் இறுகப் பற்றும். இஃது எம் கற்பனையன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1944-45 ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக் கழகத்தில் ஆன்செல் கீசு என்பார், போர்புரிய மறுத்துத் தாமே முன்வந்த ஆடவர் 36 பேருக்கு 24 வாரம் குறையுணவு அளித்து ஆய்ந்தனர். அவர் உடலின் எடை ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது. உள்ளமோ உணவிலேயே தோய்ந்தது. அவர் பேச்சு உணவாயிற்று. சிலர் சமையல் நூல்களைத் தேடித் திரட்டிப் படித்தனர். வயிறு வறிதாயிற்று; மனம் வறிதாகவில்லை. உண்ணுங்கால் ஒருமுறையும், எண்ணுங்கால் பன்முறையும் உணவை நுகர்வானது பட்டினி எவ்வாறு நோன்பாகும்?

இதற்கு மறுதலையாய எடுத்துக்காட்டு ஆவடிக்கு அண்மையிலேயே உளது. திருவேற்காட்டில் தோன்றியருளிய மூர்க்க நாயனார், நாள்தோறும் அடியார்க்குத் திருவமுது அளித்து, அவரெல்லாம் உண்டபின் கடைப்பந்தியில் தாம் உண்ணும் நியமம் பூண்டவர். செல்வம் ஒழிந்தபின் சூதில் வென்ற பொருளைத் தாம் தீண்டாது அடியார்க்கே ஆக்கினர். அவர் சூதாடியது தகுமோ என்பது ஈண்டு ஆராய்ச்சிக்குரியதன்று. அவர் உண்ணும் நேரத்தை வரையறுத்தது யாது என்பதே ஈண்டைக்கு வேண்டுவது. கடிகாரமன்று, துலாக்கோலுமன்று, பிறர் பசியே அவருக்கு நேரங் காட்டிற்று. கடையடியார் உண்டெழுந்த கணமே அவர் உண்ணும் கணம். நண்பகல் வரையும் உண்ணாத வயிறு மூர்க்கருக்கும் இருந்தது. எடை குறைப்பானுக்கும் உளது. உணவின்றி வாடும் வறியானுக்கும் உளது. வயிற்றை மட்டும் நோக்கின் மூன்றும் ஒன்றே. ஒருவர் அடியாரைச் சார்ந்தார். ஒருவன் உடலைச் சார்ந்தான். வறியான் பசியோ அவன் மேற்கொண்டதன்று. அதனை நோன்பென்று நாம் புகழ்தல் கொடுமை. அவனுக்குச் சோறிடுதலே நம் கடன்.

இவ்விடத்து நம்மவர்க்கும் ஒன்று கூறவேண்டும். உயிரணுக்கள் தம் பழுதுற்ற பகுதிகளைத் தாமே செரித்துப் புதுக்கிக்கொள்ளும் முறையை ஆராய்ந்த சப்பானியர் யோசினோரி ஓசுமி 2016-இல் நோபெற் பரிசு பெற்றார். அதனைக்கொண்டு, நம் விரதங்களின் உண்மையை மேனாட்டார் இன்று மெய்ப்பித்தனர் என மேடைதோறும் பேசுவாருளர். ஓசுமி தம் ஆராய்ச்சிக்குக் கொண்டது மதுவம் (ஈசுட்டு). விரதத்தை அவர் ஆராய்ந்திலர். அன்றியும், உடல்நலம் பயக்குமென்பதனால் விரதம் உயர்ந்ததாயின், நலம் பயவாதென நாளை ஓராய்வு கூறின் அதனை விட்டொழிப்பரோ? சிவராத்திரியை எடைக்கோலில் நிறுத்துவார், அதன் பெருமையை உயர்த்துவாரல்லர். அதனை உடலுக்கு அடிமையாக்குவாரேயாவர்.

இனி, அன்பரது வினாவிற்கு வருவாம். அவர், தாம் உண்ணாத மணிகளைக் கூட்டி அவற்றிற்குரிய பயனைக் கேட்டனர். கலோரியை எண்ணிப் பழகிய உள்ளம் புண்ணியத்தையும் அவ்வாறே எண்ணத் தலைப்பட்டது. இக்குற்றம் அவர்க்கே உரியதன்று. இத்துணைச் சோமவாரம் இருந்தேன், இத்துணைப் பிரதோடம் இருந்தேன் என எண்ணி இறுமாக்கும் நாமும் அக்கணக்கிற்கு உட்பட்டேமே. கணக்கு உடலுக்கு ஆம்; அன்பிற்கு ஆகாது.

ஆகவே யாம் அவர்க்குக் கூறியது இது: "அப்பா, மருத்துவர் வகுத்த முறையை விடற்க. அஃது உமக்குக் கடமை. ஆயின் அதற்கு நோன்பென்று பெயரிடற்க. பிரதோட நாளில், மருத்துவர் உடன்படின், பழைய முறையே பகலில் உண்ணாதிருந்து வழிபாட்டின்பின் அளவாக உண்க. திங்களுக்கு இருநாள் நேரம் மாறுவதனால் ஆறு திங்கள் முயற்சி அழியாது. அவர் உடன்படாராயின், பகலிற் குறைத்துண்டு வழிபடுக. குறைத்தலும் விரதத்துள் அடங்கும். ஒருபிடித் திருவமுதினால் உமது எடை ஏறாது. அதனை மறுத்தபோது உமக்குத் தெய்வமாய் நின்றது கடிகாரம். இனிப்பு உமக்கு ஆகாதெனின், வாங்கிக் கண்ணில் ஒற்றி, ஒருபருக்கை கொண்டு, எஞ்சியதைப் பசித்தார் ஒருவர்க்கு ஈக. ஏனை நாட்களில் பசி எழும்போது கடிகாரத்தை நோக்காது திருவைந்தெழுத்தை எண்ணுக. நீர் குறைத்த உணவு பிறிதொருவர் இலைக்குச் செல்லுமாறு செய்க. அப்போது அவ்வுண்ணாமையும் மெல்ல நோன்பாகத் தொடங்கும்."

இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ கொள்வார், கருவுற்றார், முதியோர் ஆகியோர் பிறரைப் பார்த்து உணவை விடுதல் உயிர்க்கு இடராம். வலியில்லாதார்க்குப் பாலும் பழமும் கொள்ள இடந்தருதல் நம் மரபாதலின், அவர் தம் உடலை வருத்தி விரதங் காக்கவேண்டுவதில்லை.

அவ்வன்பர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், "தாயாரிடம் என்ன சொல்வேன், ஐயா?" என்றார். "ஒன்றும் சொல்லவேண்டா, கையை நீட்டுக" என்றேம். நோன்பின் இலக்கணம் முழுவதும் அவ்வொன்றில் அடங்கும். உண்ணாதிருத்தல் மூடிய கையாய் நின்றவழி அது வெறும் பட்டினி. இறைவனை நோக்கியும் பிறரை நோக்கியும் அக்கை விரிந்தவழி, ஒருபிடி உண்ணினும் அது நோன்பேயாம்.

திருச்சிற்றம்பலம்.