ஆளுக்கொரு வாக்குத்தத்தம்

ஆண்டிறுதி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் சபைகளில் ஊறிப்போன வழக்கம். நள்ளிரவு தாண்டியதும் வரிசையில் போய், தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுப்போம். அந்த வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் தந்த சொல் என்று அதை வேதப்புத்தகத்துக்குள் செருகி வைப்போம். சங்கீதம் 91, 121, 125 எப்படியும் யாராவது ஒருவர் கைக்கு வரும். மூன்றுமே பாதுகாப்பைப் பற்றியவை.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து கிடக்க, மறுநாள் இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆராதனை நடந்தது. படிக்கத் தெரியாத ஒரு பாட்டி தான் எடுத்த அட்டையை என்னிடம் நீட்டினார். 125-ஆம் சங்கீதம். எருசலேமைச் சுற்றியுள்ள மலைகளைக் காட்டி, தேவன் தம் ஜனத்தை என்றைக்கும் அப்படிக் காப்பார் என்று சொல்லும் இடம்.

“மலையா? நம்மூர்ல ஏது தம்பி மலை? இருந்த முந்திரியும் சாஞ்சி போச்சே” என்றார். கோபமில்லை. பதில் வேண்டித்தான் கேட்டார்.

நெய்வேலிச் சுரங்கத்து மண்மேடுகளை விட்டால் எங்கள் பக்கத்தில் உயரமாக எதுவும் கிடையாது. கடலில் கிளம்பும் காற்று நேராகக் கூரைமேல்தான் வந்து விழும்.

மலை சூழ்ந்த எருசலேம் மட்டும் தப்பியதா? கி.மு. 586 வாக்கில் பாபிலோன் படை ஆலயத்தைக் கொளுத்தியது. கி.பி. 70-இல் ரோமர் மறுபடி இடித்தார்கள். ஒலிவ மலை நின்ற இடத்திலேயே நின்றது. ஆலயம் இருக்கிறவரை நமக்கு ஒன்றும் ஆகாது என்று மிதப்பில் இருந்தவர்களிடம், விதவைக்கும் பரதேசிக்கும் அநியாயம் செய்துகொண்டு அப்படி நம்பாதீர்கள் என்று எரேமியா தீர்க்கதரிசி ஆலய வாசலிலேயே நின்று எச்சரித்திருந்தார். அப்படியிருந்தும் அந்தச் சங்கீதம் சாகவில்லை. எல்லாவற்றையும் இழந்த ஜனம் அதைப் பாதுகாத்து வைத்தது.

யாத்திரை போகிறவர்கள் கூட்டமாகப் பாடிய பாட்டு அது. ஒரு ஜனத்துக்குக் கொடுத்த வாக்கை நாம் துண்டு துண்டாக நறுக்கி, என் வீடு, என் பிள்ளை, என் தோப்பு என்று பங்கு பிரித்துக்கொண்டோம். இப்படி வாசித்தால் ஓடு பறக்காத வீட்டுக்கு வாக்கு பலித்தது, அடுத்த வீட்டுக்குப் பலிக்கவில்லை என்றுதான் கணக்கு முடியும். எங்கள் வீட்டைக் கர்த்தர் தொடவிடவில்லை என்று ஒருவர் சாட்சி சொல்லும்போது, வீடிழந்தவர் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நன்றி சொல்வது நியாயம்தான். ஆனால் வீடிழந்தவர் என்ன பாவம் செய்தார் என்ற கேள்வியை அந்த நன்றி அவர் தலையில் ஏற்றிவிடுகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளோ என்று இயேசு கேட்டார். இல்லை என்று அவரே சொல்லவும் செய்தார்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் உடனடி விடுதலை இல்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்றார். அதைக் கேட்ட பெரியவர்களுக்கு ஊர் திரும்பும் பாக்கியம் கிடைத்திருக்காது. ஆனாலும் வாக்கு அவர்களுடையதும்தான். பேரப்பிள்ளைகள் அதைக் கண்ணால் கண்டார்கள். சிறைபிடித்த அந்த நகரத்துக்காகவும் ஜெபிக்கச் சொன்னார் என்பதை நாங்கள் சபையில் அதிகம் பேசுவதில்லை.

எழுந்து சாட்சி சொல்ல என்னை அழைத்தால், தானேக்குப் பிந்தைய நாட்களைத்தான் சொல்வேன். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. அடிபம்பு இருந்த வீட்டு வாசலில் தெருவே குடம் வைத்து நின்றது. கூரை தப்பிய வீடுகளில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து உலை வைத்தன. கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.