விளக்கின் விலை

மாலையில் பொத்தானை அழுத்துகிறோம். அறை ஒளி பெறுகிறது. அவ்வொளி எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

நிலக்கரியும் எரிவாயுவும் எரிவதால் எழும் கரியமிலவாயு உலகை வெப்பமாக்குகிறது. அதன் துன்பத்தை இனிப் பிறக்கப்போகும் தலைமுறையும் சுமக்க வேண்டும். ஆகவே, புகையில்லா மின்சாரத்தை நாடுவது அறமே, ஐயமில்லை. ஆயினும், புகையற்றது யாவும் பழியற்றது ஆகிவிடுமா?

சரவாக்கின் பாலுய் ஆற்றில் எழுந்த பாக்குன் அணையை நோக்குவோம். 2011இல் மின்னாக்கத்தைத் தொடங்கிய அதன் திறன் 2,400 மெகாவாட். அதன் நீர்த்தேக்கமோ சிங்கப்பூரின் பரப்புக்கு ஏறத்தாழ ஒப்பானது. அந்நீர் பரவுவதற்கு முன்பே, 1990களின் இறுதியில், காயான், கென்யா முதலிய பழங்குடியினர் ஏறத்தாழ 10,000 பேர் சுங்கை ஆசாப்பில் குடியமர்த்தப்பட்டனர். புதிய நீள்வீடுகளும் குடும்பத்திற்கு 3 ஏக்கர் நிலமும் கிடைத்தன. பழகிய ஆறும் வேட்டைக்காடும் முன்னோர் துயின்ற மண்ணும் கிடைக்கவில்லை.

மின்சந்தை ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை கூறுகிறது. அணைக்குச் செலவான சிமெண்டும் கடனுக்கான வட்டியும் அவ்விலையில் அடங்கும். இழந்த மண் அடங்காது. தோட்டத் துண்டாடலால் வீடிழந்த வரலாறு நமக்கும் உண்டு. கணக்கில் ஏறாத இழப்பு எத்தகையது என்பதை நாம் அறியாதவர்களா?

பலர் வாழச் சிலர் இழக்கத்தான் வேண்டும் என்பார் உளர். தானே முன்வந்து இழப்பது தியாகம். பிறரை இழக்கச் செய்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது தகாது. பாராம் ஆற்றில் திட்டமிடப்பட்ட 1,200 மெகாவாட் அணையை எதிர்த்து மக்கள் 2013 முதல் மறியல் செய்தனர். 2015இல் சரவாக் முதலமைச்சர் அடெனான் சாத்தேம் அத்திட்டத்தை நிறுத்திவைத்தார். மக்களின் மறுப்புக்குச் செவிசாய்ப்பது ஆட்சிக்கு இயலாததன்று.

2022இல் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியே சிங்கப்பூரை எட்டியது. கம்பி நீளும்தோறும் விளக்குக்கும் ஆற்றுக்கும் இடையே தொலைவு பெருகுகிறது. நம் பொறுப்பும் அத்தொலைவுக்கு நீள வேண்டாமா?

பொருள் சேர்ந்த வழியையும் ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் நெறி. ஒளிக்கும் அதுவே பொருந்தும். ஆற்றோரம் வாழ்வோரின் இசைவை முன்னரே பெறுவோம். அவர்களுக்குரிய பங்கை மின்விலையிலேயே சேர்ப்போம். அதனால் கட்டணம் சிறிது உயருமாயின், முகம் சுளிக்காது செலுத்துவோம். அது நாம் புதிதாக ஏற்கும் சுமையன்று. இதுவரை நமக்காகப் பிறர் செலுத்தி வந்த விலையே ஆகும்.