ஊரில் இல்லாதவன் ஓட்டு

2019 டிசம்பர் கடைசி. ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்காக பெங்களூருவிலிருந்து ராசிபுரம் பக்கம் எங்க ஊருக்கு வந்திருந்தேன். வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் ஓட்டு என்கிறது சட்டம். நான் வருவதோ தீபாவளி, பொங்கலுக்கு.

நாலு நிறத்தில் நாலு சீட்டு. கட்சிச் சின்னம் உள்ள ரெண்டையும் யோசிக்காமல் குத்திட்டேன். தலைவர் சீட்டிலும் குழப்பமில்லை. வார்டு உறுப்பினர் சீட்டில் கை நின்றது. இதில் கட்சி கிடையாது. ஒரு பக்கம் மாமா. இன்னொரு பக்கம், தண்ணி மோட்டார் ரிப்பேரானால் ஓடி அலையும் பக்கத்துத் தெரு அக்கா. சில நூறு ஓட்டுள்ள வார்டு, சமமானால் குலுக்கல்தான். தண்ணி வராவிட்டால் குடத்தோடு நிற்கப்போவது அம்மா, நானில்லை.

அம்மா அக்காவுக்குத்தான் போடுவாங்கன்னு தெரியும். நானும் அதையே குத்தினேன். அப்போ அம்மாவுக்கு ரெண்டு ஓட்டா? இருக்கலாம். ஆனால் ஊரில் இல்லாதவன் உறவுக்காகப் போடுவது அதைவிடத் தப்பாகப் பட்டது.

வெளியே மாமா நின்றிருந்தார். "போட்டுட்டியா மாப்ள?"

"போட்டுட்டனுங்க மாமா."