பூக்காத குறிஞ்சி

ஓம் சரவணபவ.

பெருமாநல்லூர்ல இருந்து நாங்க ஆறு பேர் கொழுக்குமலை போயிருந்தோம். ஷிப்மெண்ட் முடிஞ்சு கம்பெனியில ரெண்டு நாள் லீவு. மலை நம்ம தேனி மாவட்டம்தான், ஆனா ஜீப் பாதை கேரளாவில சூரியநெல்லியில இருந்து ஏறுது. ரோடுன்னு சொல்ல முடியாது, பாறாங்கல்லைக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கும். விடியுமுன்னே, குளிர்ல, தலை கூரையில இடிக்க இடிக்க அரோகரா போட்டுக்கிட்டே ஏறினோம். ஜாலியாத்தான் இருந்துச்சு, மறைக்க மாட்டேன்.

சூரியனைப் பார்த்துட்டு இறங்கும்போது ஒரு சரிவு, பூரா வெறும் புதர். "அண்ணா, அதுக்குள்ள வண்டியை ஏத்துங்க, ரீல்ஸ் எடுக்கணும்"னு நான்தான் கேட்டேன். டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்திட்டார். "தம்பி, அது குறிஞ்சி."

எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. 2018-ல அங்க குறிஞ்சி பூத்தப்ப, யாரோ எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸ் வெச்சு 'என் அப்பன் மலை'ன்னு எழுதினவன் நான். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும். விதை விட்டதும் செடி செத்துப்போகும். விழுந்த விதை முளைச்சு, பூவே இல்லாம வருஷக்கணக்கா வளர்ந்து நிக்கும். 2030-ல பூக்க வேண்டிய செடி மேலதான் டயரை ஏத்தச் சொல்லியிருக்கேன்.

தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்குச் சேயோனைத் தெய்வமா சொல்லுது. கொடைக்கானல்ல அவர் பேரே குறிஞ்சி ஆண்டவர். இதெல்லாம் மனப்பாடம். செடியைத்தான் அடையாளம் தெரியலை. அப்போ நான் இத்தனை நாள் கும்பிட்டது முருகனையா, போட்டோவையா?

கூட வந்தவன் விடலை. "மாப்ள, இந்த ஜீப் ரோடே மலையைக் கிழிச்சுப் போட்டதுதானே? அதுல ஜாலியா வந்துட்டு ஒரு செடிக்கு அழறியே?" நியாயமான கேள்வி. அந்தப் பாதையில தேயிலை இறங்குது, டிரைவர் வீட்ல அடுப்பு எரியுது, புதருக்குள்ள ஏத்தினா என் முப்பது செகண்ட் வீடியோ மட்டும்தான்னு சொன்னேன். "நாம வந்ததும் வீடியோவுக்குத்தானே"ன்னான். அதுக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்லை.

செருப்பைக் கழட்டி வெச்சுட்டு இறங்கி, செடி பக்கத்துல போய் நின்னேன். நம்ம கொண்டத்துக்காளியம்மன் கோயில் குண்டத்துக்கு முன்னாடி நிக்கிற மாதிரியே இருந்துச்சு. இலை ஓரம் பல்லு பல்லா இருந்துச்சு. டிரைவர் அண்ணன் இன்னும் நாலு செடி காட்டினார். அஞ்சாவதை நானே கண்டுபிடிச்சேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.