அமானிதம் யார் வசம்?

புளியந்தோப்பில் எங்கள் மஹல்லாவில் ஒரு பழக்கமுண்டு. அஸர் தொழுகை முடிந்ததும் பெரியவர்களும் வாலிபர்களுமாகப் பத்துப் பேர் பள்ளியின் தாழ்வாரத்தில் சற்று நேரம் அமர்ந்து பேசுவோம். முன்பெல்லாம் ஆட்டுத்தொட்டி வியாபாரம், மழைத் தண்ணீர், பிள்ளைகளின் நிக்காஹ் என்று பேச்சு ஓடும். இப்போது எங்கே தொடங்கினாலும் செல்போனில் வந்து நிற்கிறது.

சென்ற மாதம் ஒரு பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார். "பேரப்பிள்ளைங்க படமெல்லாம் இனிமே ஏறாதாம். இடம் நிறைஞ்சு போச்சாம். மாசாமாசம் பணம் கட்டச் சொல்லுது."

கம்ப்யூட்டர் படித்த வாலிபர் ஒருவர் உடனே, "அதை ஏன் மாமு அடுத்தவங்ககிட்ட கொடுக்கிறீங்க? ரிச்சி தெருவில ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கலாம். நெக்ஸ்ட்கிளவுட்னு ஒண்ணு இருக்கு, காசே கிடையாது" என்றார்.

மூன்றாமவர் சிரித்தார். "நம்மகிட்ட மறைக்க என்னப்பா இருக்கு? நாம என்ன திருடனா?"

இந்தக் கடைசிப் பேச்சை நம்மால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. நல்ல மனிதர்கள்தாம் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் நம் செல்போனில் இருப்பவை எல்லாம் நம்முடையவைதாமா? நிக்காஹ் வீட்டில் எடுத்த படத்தில் பக்கத்து வீட்டுச் சகோதரி நிற்கிறார். தங்கையின் ஸ்கேன் ரிப்போர்ட்டு இருக்கிறது. ஜகாத் கமிட்டியில் இருப்பவரின் போனில் இன்ன வீட்டுக்கு இவ்வளவு என்னும் பட்டியல் இருக்கிறது. வாசற்படி ஏறிக் கேட்கக் கூசி, பிறர் அறியாமல் வாங்கிச் சென்ற விதவைப் பெண்ணின் பெயர் அதில் உண்டு. மறைக்க நம்மிடம் ஒன்றும் இல்லாதிருக்கலாம், அவரிடம் இருக்கிறது. ஏழைக்குத் தர்மத்தை மறைத்துக் கொடுப்பதன் சிறப்பை சூரத்துல் பகராவில் ஓதிவிட்டு, பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "சரிபார்க்கவும்" என்று எழுதுகிறோம். நாமும் அப்படி எழுதியிருக்கிறோம்.

இது வீண் பயமென்று எண்ணுவோருக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறோம். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் புரோ' என்னும் செயலியை, உலகெங்கும் 9 கோடிக்கும் அதிகமான முறை மக்கள் போனில் இறக்கியிருந்த காலம். 2020 நவம்பரில் அமெரிக்காவின் 'மதர்போர்டு' பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. போன் வைத்திருப்பவர் எங்கே இருக்கிறார் என்னும் விவரம் அந்தச் செயலியிலிருந்து எக்ஸ்-மோடு என்னும் கம்பெனிக்குப் போகிறது. எக்ஸ்-மோடு தான் சேர்க்கும் இத்தகைய விவரங்களை ஒப்பந்தக்காரர்களுக்கும், அவர்கள் வழியாக அமெரிக்க இராணுவத்துக்கும் விற்கிறது என்பதே அச்செய்தி. செயலியை நடத்துவோர், இராணுவத்துக்குத் தாங்கள் எதையும் விற்கவில்லை என்று மறுத்து, எக்ஸ்-மோடுடன் தொடர்பை அறுத்துக்கொண்டார்கள். வணக்கத்தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்கு மக்கள் போய்வரும் விவரத்தை அந்தக் கம்பெனி விற்கக் கூடாதென்று அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் நடவடிக்கை எடுத்தபோது 2024 ஜனவரி ஆகிவிட்டது.

இதில் நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. புளியந்தோப்பிலிருந்து கஃபா எந்தத் திசை? நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 18 பாகை. இன்றும் அதுதான், நாளையும் அதுதான். தொழுகை நேரமோ, சூரியனையும் ஊரின் அட்ச, தீர்க்க ரேகைகளையும் வைத்துப் போடும் கணக்கு. ஊர்ப் பெயரை ஒருமுறை சொன்னால் போன் தனக்குள்ளேயே கணக்கிட்டுக்கொள்ளும். பள்ளிச் சுவரில் தொங்கும் வருட அட்டவணையும் அந்த வேலையைத்தான் செய்கிறது. நாம் எங்கே போனோம் என்று அது யாரிடமும் சொல்வதில்லை. தேவையில்லாததைக் கேட்டார்கள், நாமும் படித்துப் பாராமல் 'சம்மதம்' என்று அழுத்தினோம்.

அப்படியானால் வாலிபர் சொன்னதுதான் சரியா? பாதி சரி.

அண்ணல் நபி (ஸல்) அவர்களை எதிர்த்து நின்ற மக்காவாசிகளே தங்கள் பொருள்களை அவர்களிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். 622-ல் ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், உயிருக்கே ஆபத்தான அந்த நேரத்தில், அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக ஹளரத் அலி (ரலி) அவர்களை நிறுத்திவிட்டுப் போனார்கள். வாங்கி வைப்பதோடு அமானிதம் முடிந்துவிடவில்லை. தாம் ஊரில் இல்லாதபோதும் பொருள் உரியவர் கைக்குப் போய்ச் சேர வழி செய்வதும் அதில் அடங்கியிருக்கிறது.

நாங்கள் அந்த வழியைச் செய்யவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பகுதியில் பல வீடுகளில் ரேஷன் கார்டும் பள்ளிக்கூடச் சான்றிதழ்களும் நனைந்து கூழாகிப் போயின. இனி இப்படி ஆகக் கூடாதென்று, மஹல்லாவின் சில வீடுகளுடைய தஸ்தாவேஜுகளை ஸ்கேன் செய்து ஒரு வாலிபரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்தோம். வெளியார் கைக்குப் போகவில்லை என்று பெருமையாகவும் இருந்தது. பிறகு அவர் வேலைக்கு ஷார்ஜா போய்விட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பெட்டி தரையில் இருந்தது. தரையில் வைக்கச் சொன்னவர்களும் நாம்தான். டிஸ்க்கைப் பழுது பார்ப்பவர் எப்படியோ உயிர்ப்பித்துக் கொடுத்தார். ஆனால் கடவுச்சொல் ஷார்ஜாவில் இருந்தது. கேட்டால், அவருக்கு மறந்துவிட்டிருந்தது. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக மார்க் ஷீட் கேட்டு வந்த ஒரு தாய்க்கு நாம் சொன்ன பதிலை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது. "மறைக்க என்ன இருக்கு" என்றாரே, அவர் அந்த வாரமே தம் வீட்டுக் காகிதங்களையெல்லாம் புதுப் போனில் இறக்கிக்கொண்டார்.

அன்று அஸருக்குப் பின் இதையெல்லாம் பேசினோம். தஸ்தாவேஜுகளை மறுபடி சேகரித்து, கடவுச்சொல்லின்றித் திறக்க முடியாதபடி பூட்டி, இரண்டு டிஸ்க்குகளில் வைப்பதென்று முடிவாயிற்று. ஒன்று பள்ளியின் மாடி பீரோவில். மற்றொன்று வேலூரில் ஒரு ஜமாஅத்தாரின் உறவினர் வீட்டில். கடவுச்சொல் எழுதிய காகிதம், அரக்கு வைத்த உறைகளில், முத்தவல்லியிடம் ஒன்று, இமாமிடம் ஒன்று. ஜகாத் பட்டியல் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறாது, பழையபடி நோட்டில்தான். பெரியவர் பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு மாதாமாதம் பணம் கட்டட்டும், அதில் குற்றமில்லை என்றோம். விலை தெரிந்து வாங்குகிறார்.

பெரியவரும் ஜகாத் கமிட்டியில் இருப்பவர். அங்கேயே போனை எடுத்துப் பட்டியலை அழித்தார். பிறகு வாலிபரைப் பார்த்து, "இங்கே அழிச்சா அங்கேயும் அழிஞ்சிடுமா தம்பி?" என்று கேட்டார்.

"குப்பைப் பெட்டின்னு ஒண்ணு இருக்கு மாமு, அதிலேயும் போய் அழிக்கணும். அதுக்கப்புறம் அவங்க சொல்றதை நம்பணும்" என்றார் வாலிபர்.